Re: கலைச்சொல் வேண்டும்: சிங்கோபேஷன்

ஐயா,

> 'அனாகத எடுப்பு' என்று ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறதே?

இருக்கிறது; தாளம் தொடங்கிய பிறகு பாட்டு தொடங்குவது அது. ஆனால் எடுப்பு என்பது பாட்டு தாளத்தில் எங்கே புறப்படுகிறது என்பதைச் சொல்வது. நமக்கு வேண்டியது சிங்கோபேஷனுக்கு, அதாவது புறப்பட்ட பிறகு வழிநெடுக அழுத்தம் இடம் மாறி விழுவதற்கான சொல்.

ஓர் எடுத்துக்காட்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி தன் சின்ன மகளுக்காக எழுதி 1908இல் வெளியிட்ட 'சில்ட்ரன்ஸ் கார்னர்' பியானோத் தொகுப்பின் கடைசி உருப்படி, 'கோலிவாக்ஸ் கேக்வாக்'. மூன்று நிமிட விளையாட்டு. (தலைப்பிலுள்ள பொம்மை கறுப்பினத்தவரைக் கேலி செய்து உருவானது, அதைத் தமிழாக்க வேண்டாம், பெயராகவே விடுவோம்.) ஒரு தட்டுக்குத் 'தகதிமி' சொல்லிப் பாருங்கள். இடக்கை த, தி இரண்டிலும் சலிக்காமல் விழும். கேக்வாக்கின் அடையாளமான நடையில் வலக்கை த, க, மி என்று விழும். 'தி' வரும்போது அது புதிதாக எதையும் தொடாது; 'க'வில் பிடித்த சுரமே நீண்டுகொண்டிருக்கும். குறும்பெல்லாம் அந்த 'தி'யில்தான். நடுவே ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் 'டிரிஸ்டன்' இசைநாடகத் தொடக்கத்தை 'மிகுந்த உணர்ச்சியோடு' என்று குறிப்பெழுதி வாசிக்கவிட்டு, உடனே குட்டிக் குட்டிச் சுரங்களால் சிரிக்கிறார் மனிதர்!

இந்த உருப்படியை ஜாஸ் என்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் முதல் ஜாஸ் இசைத்தட்டே 1917இல்தான் வந்தது. டெபுஸி கேட்டது ராக்டைமும் (ஜாஸுக்கு முந்திய அமெரிக்க இசை) கேக்வாக்கும். அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களிடம் பிறந்த மிடுக்கு நடைதான் கேக்வாக்.

இனி சொல்லுக்கு வருவோம். 'தாளப்பிறழ்வு' எனக்குப் பிடிக்கவில்லை. வாசித்தவர் தப்பு செய்தது போல ஒலிக்கிறது. 'வகையுளி' அழகான ஒப்புமை, சொல் ஓரிடத்தில் முடிய, சீர் வேறிடத்தில் முடிகிறதே! ஆனால் யாப்புக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

என் பரிந்துரை: தள்ளடி. தள்ளி விழும் அடி. 'தள்ளடியாக வாசி', 'தள்ளடி நடை' என்றெல்லாம் புழங்கலாம்.

--------

தம்பி, 'தள்ளாடி' மாதிரி காதில் விழுகிறதே! அச்சுப்பிழை ஒன்று போதும், குடிகாரர் பாட்டாகிவிடும். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே. அப்புறம், இதற்கு எதிர்ச்சொல்? 'நேரடி' என்றால் கிரிக்கெட் ஒளிபரப்புதான் நினைவுக்கு வரும்.

--------

சரிதான் ஐயா. பாட்டும் தாளமும் சேர்ந்தே தொடங்கும் 'சம எடுப்பின்' வழியில் 'சமவடி' என்று வைத்துக்கொள்வோமா?