மாடு, பன்றி, கோழி உற்பத்தி முறைகளை ஒப்பிடுவதில் ஒரு ஐயம்: வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கால்நடை உற்பத்தி முறைகள் குறித்துப் படித்து வரும் நான், மாடு, பன்றி, கோழி ஆகிய மூன்றையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட்டுக் கட்டுரை ஒன்று எழுத வேண்டியுள்ளது.

இனப்பெருக்கக் கணக்கு எளிதாகவே பிடிபட்டது. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள்கள், பன்றிக்கு 114, கோழிமுட்டை பொரிய 21 என்பதிலேயே, பண்ணைச் சுழற்சிகள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்பது விளங்கிவிடுகிறது.

என் தடுமாற்றமெல்லாம் தீவன மாற்று விகிதத்தில்தான். ஒரு கிலோ எடை கூடுவதற்கு இறைச்சிக்கோழிக்கு 2 கிலோவுக்கும் குறைவான தீவனமே போதும். பன்றிக்கு ஏறத்தாழ 3 கிலோவும், கொட்டிலில் தானியம் கொடுத்துக் கொழுக்கவைக்கும் மாட்டுக்கு 6 கிலோ அல்லது அதற்கு மேலும் தேவைப்படும். இதை மட்டும் பார்த்தால் கோழியே சிறந்தது என்று முடித்துவிடலாம். ஆனால் நவீனப் பண்ணைகளில் கோழியும் பன்றியும் பெரும்பாலும் மக்காச்சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் உண்கின்றன; மாடோ, முன்வயிற்று நுண்ணுயிரிகளின் துணையால், நமக்குச் செரிக்காத புல்லையும் வைக்கோலையும் பாலாகவும் இறைச்சியாகவும் மாற்றுகிறது. (அதே நுண்ணுயிரிகள்தாம் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவையும் உண்டாக்குகின்றன என்பது தனித் தலைவலி.) ஆகவே வெறும் கிலோக் கணக்கு மாட்டுக்கு அநீதி இழைப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

மனிதர் உண்ணத்தக்க புரதம் எவ்வளவு தீவனமாகச் சென்றது, எவ்வளவு உணவாகத் திரும்பியது என்ற அடிப்படையில் கணக்கிட்டவர்கள் இங்கு இருப்பின், பாலும் இறைச்சியும் தரும் மாட்டின் தீவனத்தை அவ்விரண்டுக்கும் எவ்வாறு பங்கிட்டீர்கள் என்பதை விளக்க வேண்டுகிறேன். சாணத்தின் உர மதிப்பையும் அதில் சேர்த்தீர்களா?