ஆடிப்பெருக்கு டெல்டாவுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தா?

பென்னாகரத்தான்:
வேறொரு குழுவில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. ஆடிப்பெருக்கு டெல்டா மக்களின் விழாவாம். தருமபுரி பக்கம் நடப்பது அரசாங்கம் பந்தல் போட்டு நடத்தும் சுற்றுலா விழாவாம். ஐயா, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைவதே எங்கள் ஒகேனக்கல்லில்தான். நாங்கள் குளித்து முடித்த தண்ணீர்தான் மேட்டூருக்கே போகிறது.

வெண்ணாற்றங்கரை:
அந்தத் தஞ்சாவூர்க்காரன் நான்தான். இப்போது ஓசூரில் வேலை. சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை. எங்கள் ஊரில் ஆடி 18 என்றால் காப்பரிசி, காதோலை கருகமணி, படித்துறையில் மஞ்சள் பிள்ளையார், தெருவில் பிள்ளைகள் இழுக்கும் சப்பரம். உங்கள் ஊரில்? எண்ணெய் மசாஜ், மீன் வறுவல், பரிசல், அரசுத் துறைகளின் அரங்கு.

பென்னாகரத்தான்:
கேட்டது வேறு. காவிரி முதலில் எங்கே நுழைகிறது? அதைச் சொல்லுங்கள். மசாஜ் வருஷம் முழுக்க நடக்கிறது, அதை ஏன் பதினெட்டின் கணக்கில் எழுதுகிறீர்கள்? அன்றைக்கு விடியற்காலையில் வந்து பாருங்கள் சார். ஊர் ஊராகக் குலசாமியின் வேலையும் சூலத்தையும் தலையில் சுமந்து வருவார்கள். ஆற்று மணலைப் போட்டுத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசி, எலுமிச்சம்பழம் குத்தி நிறுத்துவதற்குள் பம்பைச் சத்தத்துக்கு இரண்டு பேருக்கு அருள் வந்துவிடும். பந்தல் அரசாங்கத்துடையது, சாமி எங்களுடையது.

அஞ்செட்டி வாசி:
அண்ணா, ஒரு திருத்தம். முதலில் நுழைவது ஒகேனக்கல்லில் இல்லை. மத்திய நீர் ஆணையம் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலு எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. கர்நாடகம் வருஷத்துக்கு 177.25 டிஎம்சி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்ன கணக்கும் அங்கேதான் எடுக்கிறார்கள். எங்களைத் தாண்டித்தான் உங்களிடம் வருகிறது.

பென்னாகரத்தான்:
அங்கே ஒரு கரை கர்நாடகம். எல்லையை உரசிக்கொண்டு போவதற்குப் பெயர் நுழைவதா?

அஞ்செட்டி வாசி:
ஒகேனக்கல்லில் எதிர்க்கரை எந்த மாநிலம்?

பென்னாகரத்தான்:
அருவி எங்கள் பக்கம். அப்புறம், 2004 பிப்ரவரி வரைக்கும் பிலிகுண்டுலுவும் தருமபுரி மாவட்டம்தான் தம்பி. பிரிந்து போகும்போது ஓசூரையும் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையையும் மாந்தோப்புகளையும் எடுத்துக்கொண்டீர்கள். காவிரியையும் சேர்த்துக் கேட்பது பேராசை.

அஞ்செட்டி வாசி:
நீங்கள் 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்து வந்தவர்கள்தானே? சேலத்துக்காரர் யாராவது வந்து ஒகேனக்கல்லைத் திருப்பிக் கேட்டால் கொடுப்பீர்களா? எதிர்க்கரைக்கு இன்னும் பதில் வரவில்லை.

காவேரிப்பட்டணத்து அக்கா:
ஆம்பளைங்க எல்லாம் காவிரியையே பிடித்துத் தொங்குகிறீர்கள். நாங்கள் தென்பெண்ணைக் கரைக்காரர்கள். பதினெட்டுக்கு அனுமன்தீர்த்தத்தில் முழுகிவிட்டுத் தீர்த்தமலை ஏறுகிற கூட்டம் உங்கள் கண்ணில் படாதா? தாலிக்கயிறு மாற்றுவதற்கு இன்ன ஆறுதான் வேண்டும் என்று யார் சொன்னது?

வெண்ணாற்றங்கரை:
தென்பெண்ணையா? கெலவரப்பள்ளி அணையில் மலை மலையாக நுரை பொங்குகிறதே, அந்த ஆறா? ஆடிப்பெருக்கு காவிரிக்கு எடுக்கும் விழா அக்கா.

காவேரிப்பட்டணத்து அக்கா:
நுரை பெங்களூருக்காரன் விடும் சாக்கடையால் வருகிறது, நாங்கள் சோப்புப் போட்டுக் கலக்கவில்லை. உங்கள் ஆற்றின் பெருமையும் தெரியும். 2024-ல் பாசனத்துக்கு மேட்டூரைத் திறந்ததே ஜூலை 28-ல்தான். பதினெட்டுக்கு ஆறு நாள் முன்னால். மதகைத் தூக்கினால்தான் உங்களுக்குப் பெருக்கு.

பென்னாகரத்தான்:
அப்படிக் கேளுங்கள் அக்கா. ஆனால் காவிரி நுழைவது ஒகேனக்கல்லில்தான்.

வெண்ணாற்றங்கரை:
நுழையட்டும் சார். தண்ணீர் அதிகமாக வந்தால் உங்கள் மாவட்ட நிர்வாகம் என்ன செய்கிறது? குளிக்கத் தடை, பரிசலுக்கும் தடை. பெருக்கு வந்தால் காலை நனைக்க முடியாத ஊரில் ஆடிப்பெருக்கு!

பென்னாகரத்தான்:
பெருக்கு இருப்பதால் தடை போடுகிறார்கள். வறண்ட வருஷத்தில் படித்துறையில் குழாய் போட்டு அதன் கீழே நின்று குளித்தவர்கள் யார்? அம்மா மண்டபத்தில் பார்த்தோமே.

வெண்ணாற்றங்கரை:
அம்மா மண்டபம் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. திருச்சி மாவட்டம். தஞ்சாவூருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? முதலில் பூகோளம் படியுங்கள்.

பென்னாகரத்தான்:
டெல்டா என்று பெருமை பேசும்போது திருச்சியும் சேரும், குழாயடி என்றதும் திருச்சி தனியா?

அரூர் மாமா:
ஆடி 1-க்குத் தேங்காய் சுடாதவர்கள் ஆடி மாதத்தைப் பற்றிப் பேசுவதே தப்பு. நாரை உரித்து, ஓட்டைக் கல்லில் வழவழவென்று தேய்த்து, கண்ணைக் குத்தித் தண்ணீரை வடித்துவிட்டு, பாசிப்பருப்பு, எள், அவல், வெல்லம் எல்லாம் திணிக்க வேண்டும். அப்புறம் அழிஞ்சிக் குச்சியைச் செருகி, மஞ்சள் தடவி, தெருவில் மூட்டிய நெருப்பில் சுட வேண்டும். ஓடு வெடிக்கும்போது வரும் வாசனை தஞ்சாவூர்க்காரருக்குத் தெரியுமா? பாரதப்போர் ஆடி 1-ல் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது. அதற்காகத்தான் இது.

வெண்ணாற்றங்கரை:
குருக்ஷேத்திரம் அரியானாவில் இருக்கிறது மாமா. அங்கே தென்னந்தோப்பு ஏது?

அரூர் மாமா:
எங்களுக்குக் குருக்ஷேத்திரம் திரௌபதி அம்மன் கோயில் மைதானம். மண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்து, விடிய விடியக் கூத்து நடத்திப் படுகளம் பார்த்தவனிடம் அரியானா கதையெல்லாம் எடுபடாது.

காவேரிப்பட்டணத்து அக்கா:
எங்கள் வீட்டில் மூங்கில் குச்சிதான் செருகுவோம். அதுவும் நன்றாகத்தான் வேகிறது.

அரூர் மாமா:
மூங்கிலா! அழிஞ்சி கிடைக்காத ஊரில் சுடவே கூடாது.

ஓசூர் ரெட்டி:
எங்கள் வீட்டில் இந்தப் பெருக்கெல்லாம் பெரிதாகக் கிடையாது. உகாதிதான். வேப்பம்பூவும் வெல்லமும், அப்புறம் ஒப்பட்டு. அரசு விடுமுறையே உண்டு. சண்டையும் இல்லை.

பென்னாகரத்தான்:
உகாதிக்குத் தனித் திரி தொடங்குங்கள் சார். இது காவிரி எங்கே நுழைகிறது என்பதற்கான திரி.

வெண்ணாற்றங்கரை:
ஆடிப்பெருக்குத் திரி இல்லையா? நீங்களே மாற்றிவிட்டீர்களா?

அஞ்செட்டி வாசி:
எதிர்க்கரை.

பென்னாகரத்தான்:
நாளைக்கு மாவட்ட வரைபடத்தோடு வருகிறேன். அப்போது பேசுவோம்.

அஞ்செட்டி வாசி:
எந்த வருஷத்து வரைபடம்? 2004-க்கு முந்தியது என்றால் வேண்டாம்.

பென்னாகரத்தான்:
அதைத்தான் கொண்டுவருவேன்.