புதுப்பிப்பு: இரவிகுளத்துக்குப் பதிலாகப் பாம்பாடும் சோலை

தருமபுரியிலிருந்து பிப்ரவரியில் மூணாறு சென்றால் இரவிகுளம் தேசியப் பூங்காவில் நடைப்பயணமும் பறவை நோக்கலும் இயலுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்குப் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. அந்தக் கட்டுப்பாடு முழுக்க நியாயமானது என்றே கருதுகிறேன். எனவே சேலம், உடுமலை, மறையூர் வழியாக மூணாறு சென்று, அங்கிருந்து வட்டவடை அருகிலுள்ள பாம்பாடும் சோலையைத் தேர்ந்தெடுத்தோம்.

2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு 1.32 சதுர கிலோமீட்டர்தான். ஆயினும், தருமபுரி அருகிலுள்ள வத்தல்மலையின் காய்ந்த காடுகளைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, மழையில்லாத நாளிலும் மேகம் இலைகளில் படிந்து துளிகளாகச் சொட்டி, பாசியும் ஆர்க்கிடும் போர்த்திய குட்டையான மரங்களை ஈரமாகவே வைத்திருப்பது பெரும் வியப்பாக இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானை அடர்ந்த புதரின் அடியிலும், நீலகிரி காட்டுப்புறாவை உயர்ந்த கிளையிலும் கண்டோம். இரத்தம் உறிஞ்சும் அட்டைகளின் தொல்லை இருக்குமா என்று முன்பு பலர் கேட்டிருந்தீர்கள்: வறண்ட மாதமென்பதால் தொல்லை இல்லை. வனத்துறை வழிகாட்டியுடன் விடியற்காலையில் மெதுவாக நடப்பதே சிறந்தது; மேகம் இறங்கிவிட்டால் பறவைகளின் குரல் மட்டுமே கேட்கும்.