மாத்திரையோடு உள்ளே போன அட்டை

அப்பாவுக்கு 74 வயது, மேலும் கீழும் பல்செட். திடீரென்று வலது அடிவயிறு வலிக்கிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று இரண்டு நாள் ஓட்டிவிட்டோம். மூன்றாம் நாள் காய்ச்சல். வயிற்றைத் தொடப்போனால் கையைத் தட்டிவிட்டார். மருத்துவர் முதலில் குடல்வாலைத்தான் சந்தேகித்தார். "எதையாவது விழுங்கினீர்களா?" என்று கேட்டதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன கைக்குழந்தையா?"

எக்ஸ்ரேயில் ஒன்றும் பிடிபடவில்லை. சி.டி. ஸ்கேனில்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதி தடித்திருப்பதும், உள்ளே மெல்லிய கோடு போல ஏதோ கிடப்பதும் தெரிந்தது. அன்றிரவே அறுவை சிகிச்சை. குடலில் ஓட்டை. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரை அதன்மேல் ஒட்டி அடைத்திருந்ததால் சீழ் எங்கும் பரவவில்லை, பிழைத்தார்.

மறுநாள் ஒரு குப்பியில் போட்டுக் காட்டினார்கள். கட்டைவிரல் நகமளவு சதுரம். ஒருபுறம் நசுங்கிய பிளாஸ்டிக் குமிழ், மறுபுறம் அலுமினியத் தாள். நான்கு மூலையும் கத்தி முனை. மாத்திரை அட்டையைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, வேளை வாரியாக டப்பாவில் அடுக்கி வைத்தது நான்தான். அண்ணத்தைப் பல்செட் மூடியிருப்பவருக்கு வாயில் இருப்பது மாத்திரையா அட்டையா என்பது சரியாக உறைக்காதாம். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

*

மேலே எழுதியவருக்கு: நான் ஸ்கேன் பிரிவில் வேலை செய்கிறேன். பல்குத்தும் குச்சி குடலைக் குத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். விழுங்கியது நினைவில்லை என்றே பெரும்பாலும் சொல்வார்கள். மரம் எக்ஸ்ரேயில் தெரியவும் தெரியாது. விழுங்கிய பொருள்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடுகின்றன, உண்மைதான். ஆனால் கூரானதும் நீளமானதும் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் குறுகலில் மாட்டிக்கொள்ளும்.

*

எங்கள் வீட்டில் அட்டையோ குச்சியோ அல்ல, காந்தம். மகள் இரண்டு காந்த மணிகளை வெவ்வேறு நேரத்தில் விழுங்கியிருக்கிறாள். குடலின் இரண்டு மடிப்புகளில் நின்று ஒன்றையொன்று இழுத்து, நடுவிலிருந்த சுவரை நசுக்கி ஓட்டையாக்கிவிட்டன. எக்ஸ்ரேயில் ஒட்டிக்கொண்டு ஒன்றே போலத் தெரிந்தது. ஒரு காந்தம்தானே, தானாக வந்துவிடும் என்று நாங்கள் காத்திருந்தோம்.

*

முதலில் எழுதியவன்தான். கத்தரிக்கோலை ஒளித்து வைத்துவிட்டேன். எந்தெந்த மாத்திரைகள் அட்டையிலிருந்து பிரித்து வைத்தால் கெடாது என்று மருந்தாளரிடம் கேட்டுக்கொண்டேன். மற்றவற்றை வேளைக்கு வேளை நானே பிதுக்கிக் கொடுக்கிறேன். அப்பா ஒவ்வொன்றையும் விரலால் உருட்டிப் பார்த்து, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுகிறார்.