அம்மாவுக்கு சென்னை அமெரிக்கன் கான்சுலேட்ல விசா இண்டர்வியூ, தனியா போறாங்க, என்ன சொல்லி அனுப்பணும்?

காவிரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நான் டல்லாஸ்ல இருக்கேன், இப்ப அஞ்சாவது மாசம், தலைப்பிரசவம். அம்மா கும்பகோணம் பக்கத்துல கிராமத்துல இருக்காங்க, அப்பா இல்ல, தம்பி காலேஜ் ரெண்டாவது வருஷம். ஸ்லாட் கிடைக்க படாத பாடு பட்டு ஒருவழியா பி1 பி2 (சும்மா வந்துட்டுப் போற விசிட்டர் விசா) இண்டர்வியூ தேதி வந்துருச்சு, இன்னும் மூணு வாரம் இருக்கு. அம்மா எட்டாவதுதான் படிச்சாங்க, இங்கிலீஷ் தெரியாது. ஃபார்ம் போட்டுக் குடுத்த ஏஜெண்ட் நாலு பக்கத்துக்கு கேள்வி பதில் தமிழ் எழுத்துல இங்கிலீஷா எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லிருக்கார், சொந்தக்காரர் ஒருத்தர் வேற பிரசவம்னு வாயே திறக்காத, நயாகரா பாக்கப் போறேன்னு சொல்லுன்னு சொல்லி வச்சிருக்கார். நேத்து வீடியோ கால்ல பாத்தா அடுப்புல பால் பொங்குறது கூட தெரியாம அந்தப் பேப்பர வச்சு முணுமுணுத்துட்டு நிக்கிறாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. போய்ட்டு வந்தவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ். இன்னொண்ணு, அம்மா பாஸ்போர்ட்ல ஒரே பேர்தான், சர்நேம் இடம் காலியா இருக்கு, ஏஜெண்ட் ஃபார்ம்ல சர்நேமுக்கு அப்பா பேரப் போட்டிருக்கார். அது சரியா?

வடபழனிவாசி:
சிஸ்டர் முதல்ல அந்த நாலு பக்கத்த கிழிச்சுப் போடச் சொல்லுங்க. சென்னையில தமிழ்லயே இண்டர்வியூ பண்ணலாம், எங்க அம்மாவுக்கு தமிழ்லதான் நடந்துச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆபீசர், இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு மைக்ல பேசணும், அவ்ளோதான், அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. நிக்கிற வரிசைதான் நேரம் எடுக்கும், அதனால காலைல ஏதாவது சாப்ட்டுட்டுப் போகச் சொல்லுங்க, சுகர் இருந்தா கண்டிப்பா.

இடம் அண்ணா சாலையில ஜெமினி பாலம் பக்கத்துலயே இருக்கு, செம்மொழிப் பூங்கான்னு கேட்டாலே ஆட்டோக்காரங்க கொண்டு விட்ருவாங்க, மெட்ரோன்னா தவுசண்ட் லைட்ஸ் ஸ்டேஷன் பக்கம். போன் உள்ள விடமாட்டாங்க, தம்பிய கூட அனுப்புங்க, அவர் வெளிய போனும் பையும் வச்சுட்டு இருக்கட்டும். அம்மா கையில பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட் இருந்தா அது, டிஎஸ் 160 (ஆன்லைன்ல ஃபில் பண்ற விசா ஃபார்ம்) கன்ஃபர்மேஷன், அப்பாயின்மெண்ட் லெட்டர், இதெல்லாம் ஒரு ப்ளாஸ்டிக் ஃபோல்டர்ல இருந்தா போதும். கைரேகையும் போட்டோவும் எடுக்குறது வேற இடம் வேற அப்பாயின்மெண்ட், அத முதல்ல முடிக்கணும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

பேர்க்குழப்பம்:
பேர் விஷயம் சொல்றேன், தமிழ்க்காரங்க பாதிப் பேருக்கு இந்தத் தலைவலி உண்டு. பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ அதுதான் ஃபார்ம்ல இருக்கணும், அதுல இல்லாத அப்பா பேர சர்நேமா சேக்கக் கூடாது. ஒரே பேர்னா அந்தப் பேர சர்நேம் கட்டத்துல போட்டு கிவன் நேம் கட்டத்துல எஃப்என்யூ ன்னு போடணும், அப்படின்னா முதல் பேர் தெரியலன்னு அர்த்தம். விசாவுலயும் அப்படியே அடிச்சு வரும், பயந்துடாதீங்க. சப்மிட் பண்ண டிஎஸ் 160 ல திருத்த முடியாது, புதுசா ஒண்ணு ஃபில் பண்ணணும், ஆனா புது கன்ஃபர்மேஷன் நம்பர அப்பாயின்மெண்ட் ப்ரொஃபைல்லயும் மாத்தணும், இத மறந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க, அதனால கடைசி நாள் வரைக்கும் வைக்காம இந்த வாரமே முடிங்க. நீங்களே உக்காந்து ஃபில் பண்ணுங்க. கடைசில இத ஃபில் பண்ண யாராவது உதவினாங்களான்னு ஒரு கேள்வி வரும், அதுக்கு ஆமான்னு போட்டு உங்க பேரக் குடுங்க.

சிகாகோ_சித்தி:
கண்ணா, அந்த நயாகரா விஷயத்துக்கு மட்டும் நான் வரேன், ஏன்னா எங்க வீட்ல இது நடந்துருக்கு. எங்க மாமனாருக்கு இதே மாதிரி ஒரு ஏஜெண்ட் சொல்லிக்குடுத்தார், ஊர் சுத்திப் பாக்கப் போறேன்னு சொன்னார், எந்தெந்த ஊர்னு கேட்டதும் மனுஷன் முழிச்சுட்டார், மகன் வீட்டுக்குப் போறேன்னு உண்மையச் சொல்லிருந்தா அந்தக் கேள்வியே வந்துருக்காது. விசா கிடையாதுன்னு 214பி ன்னு போட்ட பேப்பர் குடுத்து பாஸ்போர்ட்டும் கையிலயே குடுத்துட்டாங்க. 214பி ன்னா வேற ஒண்ணும் இல்ல, போற எல்லாரும் அங்கேயே தங்கிருவாங்கன்னுதான் அவங்க சட்டம் ஆரம்பிக்குது, இல்ல திரும்பி வருவேன்னு காட்ட வேண்டியது நம்ம பொறுப்பு. அதுக்கு அப்பீல் கிடையாது, திரும்ப அப்ளை பண்ணலாம், ஆனா கட்டின காசு போனதுதான். அப்ப 160 டாலர், 2023 ஜூன்ல இருந்து 185.

அதவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. தெரிஞ்சே பொய் சொல்லி விசா வாங்கப் பாத்தாங்கன்னு ஆபீசர் முடிவு பண்ணா வாழ்நாள் முழுக்க அமெரிக்கா கதவு மூடிடும், அப்புறம் பேரனப் பாக்கணும்னா ஒவ்வொரு தடவையும் தனியா வெய்வர், அதாவது விலக்கு, கேட்டு நிக்கணும். பொண்ணு பிரசவத்துக்கு அம்மா வர்றதுல என்ன தப்பு இருக்கு, உலகத்துல எந்த ஆபீசருக்கும் அது புரியும். சம்பளத்துக்கு வேலை பாக்கத்தான் கூடாது.

காவிரிக்கரை:
சித்தி, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நிலம் ஒன்றரை ஏக்கர் இருக்கு, வீடு இருக்கு, தம்பி அங்கதான் படிக்கிறான். இதுக்கெல்லாம் பத்திரம் கொண்டு போகணுமா? நான் இங்க இருந்து இன்விடேஷன் லெட்டர் அனுப்பணுமா?

சிகாகோ_சித்தி:
இன்விடேஷன் லெட்டர் கட்டாயம் இல்ல, நம்ம சம்பளத்தப் பாத்து விசா குடுக்குறதில்ல, அம்மாவோட நிலைமையத்தான் பாக்குறாங்க. பத்திரம் சிட்டா எல்லாம் ஃபோல்டர்ல இருக்கட்டும், கேட்டாத்தான் எடுத்துக் குடுக்கணும், பாதிப் பேருக்குக் கேக்குறதே இல்ல. வாயில வர்ற பதில்தான் முக்கியம். எவ்ளோ நாள்னு கேட்டா மனசுல இருக்குறதச் சொல்லட்டும். விசா பத்து வருஷத்துக்கு வந்தாலும் ஒரு தடவைக்கு எவ்ளோ நாள் தங்கலாம்னு இங்க இறங்குனதும் ஏர்போர்ட்ல இருக்குற ஆபீசர்தான் முடிவு பண்ணுவார், வழக்கமா ஆறு மாசம். ஐ 94 ன்னு உள்ள வந்ததுக்கு ஒரு பதிவு இருக்கும், அதுல இருக்குற தேதிதான் கணக்கு, விசாவுல இருக்குற தேதி இல்ல, இத உன் வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லி வை.

காவிரிக்கரை:
மூணு வாரம் கழிச்சு வரேன், சொல்லாமப் போனா மனசு கேக்காது. அம்மாவுக்கு விசா ஓகே ஆயிருச்சு!!! ஃபார்ம நானே புதுசா ஃபில் பண்ணேன், பேர் சரி பண்ணியாச்சு. கைரேகை எடுக்குற இடத்துலதான் கொஞ்சம் திணறல், அம்மாவுக்கு வருஷக்கணக்கா நாத்து நட்டு பாத்திரம் தேச்ச கை, ரேகையே சரியா விழல, அந்தப் பொண்ணு விரல ஒவ்வொண்ணாத் தொடச்சுத் தொடச்சு நாலு தடவை வச்சுப் பாத்து எடுத்தாளாம்.

மறுநாள் இண்டர்வியூல தமிழ்லதான் கேட்டாங்களாம். எதுக்குப் போறீங்கன்னதும் அம்மா, பொண்ணுக்கு தலைப்பிரசவம், அவளுக்குப் பத்தியம் வச்சுக் குடுக்க ஆள் இல்லன்னு சொல்லிருக்காங்க. எப்ப திரும்புவீங்கன்னு கேட்டதுக்கு, மூணு மாசத்துல வந்துருவேன், பையன் ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு வந்தா வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது, நிலத்தையும் நான்தான் பாக்கணும்னு சொன்னாங்களாம். எவ்ளோ நிலம், யார் செலவு பண்றா, இதுக்கு முன்னாடி வெளிநாடு போயிருக்கீங்களா, அவ்ளோதான் கேள்வி. ஃபோல்டரத் திறக்கவே இல்ல. பாஸ்போர்ட்ட அவங்களே வச்சுக்கிட்டாங்கன்னு தம்பி போன்ல சொன்னப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு.

இனி டிக்கெட். மெட்ராஸ்ல இருந்து டல்லாஸ் வரைக்கும் ஒரு தடவை மட்டும் மாறுற மாதிரி எடுத்து வீல்சேர் உதவி போடலாம்னு இருக்கேன், நடுவுல தமிழ் தெரிஞ்சவங்க யாரும் இருக்க மாட்டாங்களே, வீல்சேர் போட்டா அடுத்த கேட் வரைக்கும் அவங்களே கொண்டு போய் விடுவாங்களா? அம்மா அப்பாவ அப்படி தனியா வரவச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.