மூணாற்றுக்கு மின்விமானம் ஏறி வருமா?

தேவிகுளத்தான்: மூணாற்றிலிருந்து கொச்சி விமான நிலையத்துக்குச் சாலைவழி ஏறக்குறைய 110 கிலோமீட்டர், மழைக்காலத்தில் மண் சரிந்தால் அந்த வழியும் அடைபடும், அவசர நோயாளியும் சிக்கிக்கொள்வார். வான்வழியில் அது எழுபது கிலோமீட்டர் சொச்சம்தான். அமெரிக்க நிறுவனமான ஜோபியின், செங்குத்தாக எழுந்து இறங்கும் மின்விமானம் விமானியுடன் நான்கு பயணிகளை ஏற்றி, மணிக்கு 320 கிலோமீட்டர் வேகம் வரை பறக்கக்கூடியது. ஓடுபாதைக்கு இடமில்லாத தோட்டப்பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர்தி எது?

போடிமெட்டு வாசி: அண்ணே, போகும் தூரத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது. மூணாற்றை மூடுபனி மறைத்துவிட்டால் இறங்காமலே கொச்சிக்குத் திரும்ப வேண்டும்; அப்போது தூரம் 140 கிலோமீட்டரைத் தாண்டும், அந்நிறுவனம் சொல்லும் வீச்சோ ஏறத்தாழ 160 கிலோமீட்டர்தான். மேலும், மூணாறு இருக்கும் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 14 விழுக்காடு குறைவாக இருப்பதால், அதே எடையை அந்தரத்தில் நிறுத்தவே 7, 8 விழுக்காடு கூடுதல் திறன் தேவைப்படுகிறது. ஹெலிகாப்டருக்கு இது பெரிய சுமையல்ல, ஏனெனில் விமான எரிபொருளில் கிலோவுக்கு ஏறத்தாழ 12,000 வாட்மணி ஆற்றல் உண்டு; இன்றைய மின்கலத்தில் 300 இருந்தாலே அதிகம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இத்தகைய மின் ஊர்தியில் பயணிகளை ஏற்றிக் காட்டுவதாக இருந்த ஜெர்மன் நிறுவனமான வோலோகாப்டர், அதைச் செய்யாமலே அவ்வாண்டு டிசம்பரில் திவால் மனு கொடுத்தது.

தேவிகுளத்தான்: ஒரு நிறுவனத்தின் பணமுடையை வைத்துத் தொழில்நுட்பத்தை எடைபோடுவது முறையன்று, சீன விமானத்துறை 2023 அக்டோபரிலேயே ஈஹாங் நிறுவனத்தின் மின் ஊர்திக்கு வகைச் சான்று (வடிவமைப்பு பறக்கத் தகுந்தது என்ற ஒப்புதல்) அளித்திருக்கிறது. பனி மூடினால் கொச்சி வரை திரும்புவானேன்? மூணாற்றுக்குக் கீழே கொச்சி வழியிலுள்ள அடிமாலியில் மாற்றுத் தளம் அமைத்தால் நீங்கள் சொல்லும் தூரம் வெகுவாகக் குறைந்துவிடுமே.

மறையூர்க்காரி: மாற்றுத் தளம் நல்ல யோசனை. ஆயினும் கண்ணால் தரையைப் பார்த்துப் பறக்கும் எந்த ஊர்திக்கும், அது மின்சாரமோ எரிபொருளோ, மேகத்துக்குள் மலையைத் தேடுவது ஆபத்துதான். கேதார்நாத் வழித்தடத்தில் 2022இலும் 2025இலும் பனிமூட்டத்தில் ஹெலிகாப்டர்கள் மோதி ஒவ்வொரு முறையும் ஏழு பேர் இறந்தார்கள். ஆகவே முதன்மைத் தளமே மழை மறைவுப் பகுதியான எங்கள் மறையூரில் அமைய வேண்டும் என்பேன். (ஊர்ப்பற்று என்று சிரிக்க வேண்டாம், தென்மேற்குப் பருவத்தில் இங்கு வெயில் அடிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.)

போடிமெட்டு வாசி: சிரிக்கவில்லை அக்கா. ஆனால் மூணாற்று நோயாளி மறையூர்த் தளத்தை அடைய நாற்பது கிலோமீட்டர் மலைச்சாலையில் எதிர்த்திசையில் போக வேண்டும். அதற்குள் சாலைவழியே கொச்சிக்குக் கிளம்பிய ஆம்புலன்ஸ் அடிமாலியைக் கடந்திருக்கும்.