வெல்சியை உயிரோடு பார்க்க எந்தப் பாகத்தில் தொடங்கட்டும்?

நிலாமுற்றம்:
ஜே.ஆர். வார்டின் 'பிளாக் டேகர் பிரதர்ஹூட்' வரிசையில் எனக்கு முதலில் கிடைத்ததே பத்தாவது நாவல், 'லவர் ரீபார்ன்' (2012). முன்கதை எதுவும் தெரியாது. ஹெல்ரன் என்றால் கணவன், ஷெல்லன் என்றால் மனைவி என்று முன்பக்கச் சொற்பட்டியலைப் புரட்டிப் புரட்டியே மூன்று ராத்திரியில் முடித்தேன்.

வாம்பயர் காதல் என்றால் கழுத்தில் பல் பதிக்கும் கதை என்றுதான் நினைத்திருந்தேன். இதில் நாயகன் டோர், ஒரு வாம்பயர், ரத்தம் குடிக்கவே மாட்டேன் என்கிறான். அந்த உலகத்தில் ஆண் வாம்பயருக்குப் பெண் வாம்பயரின் ரத்தம்தான் உயிர். மனைவி வெல்சி போனபிறகு இன்னொருத்தியிடம் குடிப்பது அவனுக்குத் துரோகம். உடம்பு வற்றிப்போய்க் கிடக்கிறான். நோ-ஒன் என்ற பெண் அவனுக்குத் தன் ரத்தத்தைக் கொடுக்க முன்வரும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மேலே படிக்க முடிந்தது.

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. வெல்சியை நான் இறந்தவளாக மட்டுமே பார்த்திருக்கிறேன். டோர் விடமாட்டேன் என்பதால், வயிற்றுப் பிள்ளையோடு இந்த உலகத்துக்கும் மறுவுலகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் மாட்டிக்கொண்டு மங்கிக்கொண்டே போகிறாளே, அவள் தன் வீட்டில் நடமாடுவதைப் பார்க்கவேண்டும். முடிவு தெரிந்தபிறகு பின்னால் போய்ப் படித்தால் மனசு தாங்குமா?

கருங்குயில்:
தாங்கும். முதல் பாகம் 'டார்க் லவர்' (2005), அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் நீங்கள் தேடும் வெல்சி 'லவர் எடர்னல்' (2006) பாகத்தில் இருக்கிறாள். பேச்சு வராத பையன் ஜான் மாத்யூவை டோரும் அவளும் வீட்டுக்குக் கூட்டிவருவார்கள். அவனுக்கு எதைத் தின்றாலும் வயிறு ஒத்துக்கொள்ளாது. வெல்சி சோற்றில் இஞ்சி சேர்த்துக் கொடுப்பாள், அது அவனுக்கு ஒத்துக்கொள்ளும். பெரிய காட்சியெல்லாம் இல்லை. ஆனால் மூன்றாவது பாகத்தில் வாம்பயர்களை வேட்டையாடும் லெஸ்ஸர்கள் அவளைக் கொன்றபோது எனக்கு அந்தத் தட்டுதான் ஞாபகம் வந்தது.

சாம்பல்பூ:
கருங்குயில் சொன்னது சரி, ஆனால் மூன்றிலிருந்து நேராகப் பத்துக்குத் தாவாதீர்கள். வெல்சி போனதும் டோர் காணாமல் போய்விடுவான். ஆறாவது பாகத்தில்தான் விழுந்த தேவதை லாசிட்டர் அவனைத் திரும்பக் கொண்டுவருவான். நோ-ஒன் டோர் இருக்கும் மாளிகைக்கு வருவது ஒன்பதில். நான் ஒவ்வொன்றும் வெளிவர வெளிவரப் படித்தவள். 2006லிருந்து 2012 வரை, ஆறு வருஷம். மற்றவர்களுக்கெல்லாம் ஜோடி சேர, இவன் மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்தக் காத்திருப்பு இல்லாமல் நோ-ஒன்னின் பொறுமை முழுசாகப் புரியாது என்பது என் கட்சி.

கடைசிப்பக்கம்:
ஆரம்ப பாகங்களில் பேபி பவுடர் வாசனையோடு வரும் லெஸ்ஸர் அத்தியாயங்கள் கொஞ்சம் இழுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் நன்றி. முதல் பாகம் முடிந்தது, இரண்டாவதில் இஞ்சிச் சோறு வரை வந்துவிட்டேன். சிவப்புத் தலைமுடியோடு அவள் அந்த வீட்டையே ஆள்வதைப் பார்த்தபிறகு, டோர் ஏன் அப்படி வற்றிப்போனான் என்று இன்னொரு தடவை புரிந்தது. சாம்பல்பூ அக்கா, வரிசையாகவே போகிறேன். ஆனால் மூன்றாவதை இந்த வாரம் தொடமாட்டேன். அவள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.